கருவாட்டில் உப்பு, புழுவில் எண்ணெய்

2021 ஆடி மாதம், ஒரு விடிகாலை. கொசப்பூரில் எங்கள் பிராய்லர் கோழி ஷெட் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் கூளம் சதக்கென்று அமுங்கியது. முந்தின வாரம் வரை காலில் ஒட்டாமல் பொலபொலவென்று கிடந்த நெல் உமி அது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தேன். நல்ல கூளம் என்றால் கையை விரித்ததும் உதிர வேண்டும். இது கொழுக்கட்டை மாதிரி உருண்டை பிடித்தது, விரலிடுக்கில் ஈரம் கசிந்தது. தண்ணீர் வைக்கும் இடத்தில் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. தீவனத் தட்டுப் பக்கம் ஒன்றுகூட இல்லை. சுவர் ஓரமாக ஏழு குஞ்சுகள் கால் நீட்டிக் கிடந்தன.

அடுத்த நான்கு நாளில் 400 குஞ்சில் 53 போய்விட்டன. 16 நாள் வளர்ந்தவை. இன்றைக்கும் அந்தக் கூளத்தின் ஈரம் என் உள்ளங்கையில் இருக்கிறது. அந்த நாலு நாளும் அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதும்தான் இந்தப் பதிவு. சோயாவுக்கு மாற்றாக வேறு எதைக் கோழிக்குப் போடலாம் என்று பலரும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் குஞ்சைப் பலி கொடுக்காமல் தொடங்க வேண்டும்.

அந்த வருஷம் சோயா விலை ஏறியது பண்ணை வைத்திருந்த எவருக்கும் மறக்காது. ஆகஸ்டில் சோயா டி.ஓ.சி., அதாவது எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கு, கிலோ 90 ரூபாயைத் தாண்டியது. மரபணு மாற்றுச் சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்துகொள்ள மத்திய அரசே அனுமதி கொடுக்க வேண்டிய நிலை வந்தது. சோயா பெரும்பாலும் விளைவது மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும். அங்கே மழை தவறினாலோ, இந்தூர் சந்தையில் சரக்கைப் பதுக்கினாலோ, அடி இங்கே கொசப்பூரில் விழும். கோழி வளர்ப்புச் செலவில் நூற்றுக்கு 65, 70 ரூபாய் தீவனத்துக்கே போகிறது. அதிலும் கையைக் கடிப்பது புரதம்தான்.

பல்லடம் பக்கம் பெரும்பாலானவர்கள் ஒப்பந்த முறையில் வளர்க்கிறார்கள். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் கம்பெனி கொடுக்கும், பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலி. சோயா விலை அவர்கள் தலையில் நேராக இறங்காது. தீவனத்தில் கை வைக்கவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. நான் அப்படி இல்லை. மணலியில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, மாமனார் நிலத்தில் 400 குஞ்சு போட்டு, சுற்றியுள்ள கறிக்கடைகளுக்கு நேராகக் கொடுப்பவன். விலை ஏறினால் என் சட்டைப் பையில்தான் ஏறும். அதனால் மாற்று தேடினேன். வட சென்னைக்காரனுக்கு மாற்றுப் புரதம் என்றால் முதலில் எது நினைவுக்கு வரும்? காசிமேடு மீன்பிடித் துறைமுகம்தான்.

துறைமுகத்துக்கு வெளியே கருவாடு போடும் ஒரு ஆயாவிடம், விற்காமல் உடைந்து நொறுங்கிப்போன சரக்கை மூட்டைக் கணக்கில் வாங்கினேன். மாவு மில்லில் கெஞ்சிக் கூத்தாடி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அரைத்தேன். நூறு கிலோ தீவனத்துக்குப் பத்து கிலோ பொடி. சோயாவை அந்த அளவு குறைத்தேன். கலந்து போட்ட நாலாம் நாள்தான் நான் மேலே சொன்ன காலை.

மாதவரம் பால்பண்ணை பக்கம் வசிக்கும், ஓய்வு பெற்ற ஒரு கால்நடை மருத்துவரிடம் செத்த குஞ்சு இரண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் குஞ்சைத் தொடுவதற்கு முன்னால், "நோய் அப்புறம் பாக்கலாம் தம்பி. தீவனத்துல என்ன மாத்துனீங்க, அதச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, நான் கொண்டுபோயிருந்த கருவாட்டுப் பொடியில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி, வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து டம்ளரைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கடற்கரை மணல். மேலே இருந்த தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். கடல்.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டார். அந்தப் பொடியில் ஐந்தில் ஒரு பங்கு உப்பு என்றால் பத்து கிலோவில் இரண்டு கிலோ உப்பு. நான் வழக்கம்போலச் சேர்த்த உப்பு 300 கிராம் ஏற்கெனவே இருக்கிறது. நூறு கிலோ தீவனத்துக்கு மொத்தமே அரை கிலோவைத் தாண்டக் கூடாது என்ற இடத்தில் நான் இரண்டே கால் கிலோவுக்கு மேல் கொடுத்திருக்கிறேன். உப்பு தின்ற கோழி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், கழிந்துகொண்டே இருக்கும், கூளம் நனையும், வயிற்றில் நீர் கோக்கும்.

அன்று அவர் சொன்ன இன்னொன்று என் பார்வையையே மாற்றியது. கோழிக்கு வேண்டியது பொத்தாம்பொதுவாகப் புரதம் இல்லை, புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்களில் குறிப்பிட்ட சில. வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக இருக்கலாம், உளுந்து ஒரு படிதான் இருக்கிறது என்றால் அந்த ஒரு படிக்கு எத்தனை இட்லியோ அத்தனைதான். மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனத்தில் அந்த உளுந்து மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். முதலில் தீர்ந்துபோவது அதுதான், அடுத்தது லைசின். மெத்தியோனின் குறைந்தால் இறகு சரியாக முளைக்காது, ஒன்றையொன்று கொத்தி இறகைத் தின்னும். மற்ற அமினோ அமிலங்கள் எத்தனை மிஞ்சினாலும் உடம்பில் சதையாகாது. யூரிக் அமிலமாகக் கழிந்து கூளத்தில் விழுந்து அம்மோனியாவாகும். ஷெட்டுக்குள் போனதும் கண் எரிகிறது என்றால் காசு கொடுத்து வாங்கிய புரதம் காற்றில் போகிறது என்று அர்த்தம்.

மீன் அருமையான சரக்கு என்பதும் இதனால்தான். நல்ல மீன்தூளில் சோயாவைவிட மெத்தியோனின் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், லைசினும் தாராளம். குற்றம் மீனில் இல்லை. உப்பிலும் மணலிலும், அளக்காமல் போட்ட என் அவசரத்திலும்தான்.

பிராய்லரின் அவசரத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். 40 கிராம் குஞ்சு 40 நாளில் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டும். அதற்கு ஏறக்குறைய மூன்றரை கிலோ தீவனம், அதற்குள் 700 கிராம் புரதம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல் வாரத் தீவனத்தில் 23 சதவீதம் புரதம், பிறகு 22, கடைசிக் கட்டத்தில் 20. நாட்டுக்கோழி ஐந்தாறு மாதம் மேய்ந்து வளரும். ஒரு வாரம் தீனி சரியில்லை என்றால் அடுத்த வாரம் குப்பையைக் கிளறி ஈடுகட்டிக்கொள்ளும். பிராய்லருக்கு அப்படி ஒரு வாரம் கிடையாது. மூட்டைக்கு மூட்டை தரம் மாறும் எந்த மாற்றுத் தீவனமும் அதற்கு ஆபத்து. முதல் இரண்டு வாரம் நான் இப்போது எந்தச் சோதனையும் செய்வதில்லை, கடைத் தீவனம்தான்.

புண்ணாக்கு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலைப் புண்ணாக்கில் புரதம் 40க்கு மேல், ஆனால் மெத்தியோனினும் லைசினும் குறைவு, பூஞ்சை பயம் வேறு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள், அஃப்ளடாக்சின் என்ற பேரே அதற்கப்புறம் வந்ததுதான். ஐப்பசி கார்த்திகையில் இங்கே வீட்டு அரிசியே ஈரம் கோக்கும்போது மூட்டைக் கடலைப் புண்ணாக்கை நான் தொடுவதில்லை. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நன்றாக இருக்கிறது, லைசின் குறைவு. சோயாவோடு கொஞ்சம் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். தேங்காய்ப் புண்ணாக்கில் நார் அதிகம், அது மாட்டுக்கு. எத்தனால் ஆலையிலிருந்து வரும் அரிசி டி.டி.ஜி.எஸ்., அதாவது சாராயம் வடித்த பின் மிஞ்சும் சக்கை, இப்போது மலிவாகக் கிடைக்கிறது, புரதமும் 45 வரை இருக்கும். தானியத்தின் மாவுச்சத்து சாராயமாகப் போய்விட, மீதி எல்லாம் பல மடங்காகச் செறிந்துவிடுகிறது. புரதம் செறிவது போலவே, அரிசியில் பூஞ்சை நஞ்சு இருந்தால் அதுவும் செறியும். வாங்கினால் நஞ்சுச் சோதனை சீட்டோடு வாங்குங்கள்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவை வைத்துப் பெரிய பேச்சு நடக்கிறது. காய்ந்த அசோலாவில் புரதம் 20, 25 என்பது உண்மை. ஆனால் பச்சைப் பாசியில் நூற்றுக்கு 93 பங்கு தண்ணீர். ஒரு கிலோ பாசியில் 15 கிராம் புரதம் தேறினால் அதிகம். மாட்டுக்கும் நாட்டுக்கோழிக்கும் போடலாம். பிராய்லரின் இரைப்பையில் தண்ணீருக்கு இடமில்லை.

புரதம் அளக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று நடப்பது அங்கேதான். கெல்டால் என்ற டென்மார்க் வேதியியலாளர் 1883இல் வகுத்த முறையைத்தான் இன்றைக்கும் லேப்களில் பின்பற்றுகிறார்கள். அது புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அதை 6.25ஆல் பெருக்கினால் 287 வருகிறது. அதாவது மட்டமான மீன்தூளில் நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ யூரியா தூவினால், சீட்டில் 14 புள்ளி புரதம் கூடிவிடும். கோழிக்கு அதனால் ஒரு பருக்கைச் சதையும் கூடாது, கேடுதான். ஒரு வியாபாரி எனக்கு 60 சதவீதம் என்று சீட்டுக் காட்டி விற்ற சரக்கை நாமக்கல் கால்நடைக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பினேன். யூரியா இருந்தது. அன்றிலிருந்து மீன்தூள் வாங்கினால் யூரியா, உப்பு, மணல் மூன்றுக்கும் தனித்தனியாகச் சோதனை கேட்கிறேன். நூறு கிலோ வாங்குகிறவன் சோதனைக்குச் செலவழிப்பதா என்று கேட்பவர்களுக்கு, 53 குஞ்சு என்ன விலை என்பதுதான் என் பதில்.

இனி புழு.

பொன்னேரிப் பக்கம் என் பாட்டி வீட்டில், பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கறையான் புற்றுப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் நிமிர்த்தினால் பானை நிறையக் கறையான். தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அதற்காகவே வாசலில் நிற்கும். ஆகவே பூச்சியைக் கோழிக்குக் கொடுப்பதை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவுதான் புதிது.

நான் வளர்ப்பது கருப்புப் படைவீரன் ஈ என்கிறார்களே, பி.எஸ்.எஃப்., அது. பார்த்தால் குளவி போல் நீளமாக, கருப்பாக இருக்கும். வயிற்றின் மேல்பாகத்தில் கண்ணாடி போல இரண்டு வெளிறிய திட்டு. கடிக்காது, சாப்பாட்டில் வந்து உட்காராது. வளர்ந்த ஈக்குத் தீனியே தேவையில்லை, ஒரு வாரம் போல வாழ்ந்து, கலந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். அழுகும் பொருளின் மேல் நேராக முட்டையிடாது. பக்கத்தில் காய்ந்த இடுக்குத் தேடும். நான் மூன்று சின்னப் பலகைத் துண்டுகளை நடுவில் ஐஸ் குச்சி வைத்து அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, கழிவு போட்ட டப்புக்கு மேலே தொங்கவிடுகிறேன். காலையில் பிரித்தால் இடுக்கில் வெளிர் மஞ்சளாக, ரவை ஒட்டினாற்போல் முட்டை. நாலு நாளில் பொரியும்.

அந்த டப்பை ஒருமுறை அருகில் நின்று கவனித்தால் மறக்க முடியாது. ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு காது கொடுத்தால், ஓலைக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். ஆயிரக்கணக்கான புழுக்கள் தின்கிற சத்தம் அது. கையை உள்ளே விட்டால் காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுடும். முந்தின நாள் போட்ட பூசணிக்காய்ப் பாதி, தோல் மட்டும் காகிதமாக மிஞ்சிக் கிடக்கும். இரண்டு வாரம் தாண்டியதும் வெள்ளைப் புழு பழுப்பாகி, கருப்பாகி, தீனியை விட்டு விலகிக் காய்ந்த இடம் தேடிக் கிளம்பும். டப்பின் ஒரு பக்கத்தில் சரிவாகப் பலகை வைத்தால் அதுவாகவே ஏறிப்போய் அந்தப் பக்கம் வைத்த வாளியில் விழும். அறுவடைக்கு ஆள் தேவையில்லை. ஆனால் கோழிக்கு நல்லது கருப்பதற்கு முந்திய பருவம். கருத்த பிறகு தோல் தடித்துச் செரிமானம் குறைகிறது.

இங்கேயும் கணக்குத்தான் கண்ணைத் திறந்தது. பத்து கிலோ காய்கறிக் கழிவு போட்டால் எனக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ பச்சைப் புழு கிடைக்கிறது. காய்ந்தால் 600 கிராம். அதில் நூற்றுக்கு 40 புரதம் என்றால் 240 கிராம். ஒரு கோழிக்குத் தேவையான 700 கிராம் புரதத்தையும் புழுவிலேயே கொடுக்க வேண்டும் என்றால், அந்த ஒரு கோழிக்காக 30 கிலோ கழிவு. 400 கோழிக்கு 12 டன். புழுவே போதும், சோயா வேண்டாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்ததில்லை. அந்த 240 கிராமையும் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். புழுத் தோலில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால் 6.25க்குப் பதில் 4.76ஆல் பெருக்குவதே சரி என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நான் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு நாளைக்கு 30 கிலோ கழிவு, மாதவரத்தில் இரண்டு காய்கறித் தள்ளுவண்டியும் ஒரு ஜூஸ் கடையும் அதற்குப் போதும்.

அடுத்த சிக்கல் எண்ணெய். காய்ந்த புழுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அரைத்தால் பொடியாகாமல் களிம்பாகிறது, நாலு நாளில் சிக்கு வாடை வருகிறது. தீவனத்தில் கொழுப்பு ஏறினால் கோழி சீக்கிரம் வயிறு நிறைந்து குறைவாகத் தின்னும், அப்போது புரதமும் குறையும். பெரிய நிறுவனங்கள் எண்ணெய் பிழிந்து விற்கின்றன. எனக்கு அந்த வசதி இல்லை. ஆகவே 15 நாளுக்கு மேல், சாயங்காலம் நாலரை மணிக்கு, பச்சைப் புழுவை அப்படியே கூளத்தின் மேல் தூவுகிறேன். கொசப்பூருக்கு வருகிறவர்களை அந்த நேரத்துக்குத்தான் வரச் சொல்வேன். தின்பதும் உட்காருவதுமாகவே கிடக்கும் பிராய்லர் அப்போது எழுந்து ஓடுகிறது. ஒன்று புழுவைக் கவ்வினால் பின்னால் பத்து துரத்தும். உமியைக் கிளறுவதில் கூளம் தானாகப் புரள்கிறது, ஈரம் தங்குவதில்லை. கால் நொண்டும் கோழி என் ஷெட்டில் முன்னைவிடக் குறைவு.

புழுவுக்கு எதைப் போடுகிறோம் என்பதில் நான் கறாராக இருக்கிறேன். கொடுங்கையூர் கிடங்குக்குப் போகும் குப்பையை எல்லாம் புழுவுக்குப் போட்டுவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கிடங்கின் வாடையில் வளர்ந்தவன் நான், குப்பை குறைய வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பேட்டரி, பெயின்ட், பிளாஸ்டிக் கலந்த குப்பையில் காட்மியம் இருந்தால் புழு அதைத் தன் உடம்பில் சேர்த்து வைக்கும். புழுவைத் தின்ற கோழியின் ஈரலுக்கு அது போகும், அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை நம் தட்டுக்கு வரும். தொழிற்சாலைப் புகையையும் கழிவு எண்ணெயையும் சுமக்கிற வட சென்னை ஜனங்களுக்கு இன்னொரு வழியில் நஞ்சு போகக் கூடாது. ஐரோப்பாவில் 2021 செப்டம்பரில்தான் கோழிக்குப் பூச்சிப் புரதம் கொடுக்க அனுமதித்தார்கள். அங்கேயும் ஹோட்டல் மிச்சத்தையும் சாணத்தையும் புழுவுக்குப் போடத் தடை இருக்கிறது. கோழிக்கடைக் கழிவையும் நான் தொடுவதில்லை. கோழியின் குடலைத் தின்ற புழுவைக் கோழிக்கே கொடுத்தால் நோய் வட்டமடித்துத் திரும்பி வரும்.

மறுபடி காசிமேட்டுக்குப் போனேன். நடந்ததைக் கேட்ட ஆயா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இன்னா நைனா, கருவாட்டயா கோழிக்கு அரச்சிப் போட்ட? அத்த துன்னா மனுசனே ரெண்டு சொம்பு தண்ணி குடிப்பான். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல?" என்றார். உப்பில்லாமல் காயவைக்க முடியுமா என்று கேட்டேன். "பெரிய மீனு தாங்காது, புழு வெச்சிடும். காரப்பொடி மீன உப்பு போடாம காய வெக்கலாம். வெய்யிலு காயணும், அவ்ளோதான். மழ மாசத்துல வந்து நிக்காத."

மணலில் போடாமல், மூங்கில் கட்டி அதன் மேல் பழைய வலையை இழுத்துக் கட்டித் தரை படாமல் காயவைத்தோம். சித்திரைக்கு முன்னால் அடிக்கும் வெயிலில் இரண்டு நாளில் உடைத்தால் சடக்கென்று முறியும் அளவு காய்ந்தது. டம்ளர் சோதனையில் அடியில் ஒரு கோடு போல்தான் மணல். இப்போது நூறு கிலோ தீவனத்துக்கு நாலு கிலோ, அதுவும் 15 முதல் 30ஆம் நாள் வரை மட்டும். கடைசிப் பத்து நாள் மீன் கிடையாது, இல்லாவிட்டால் கறியில் மீன் வாடை ஏறும். கறிக்கடைக்காரர் ஒருமுறை மூக்கைச் சுளித்தால் அந்தக் கடை போச்சு. வாங்கிய மீன்தூளை ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதும் இல்லை.

டி.எல். மெத்தியோனின் என்ற செயற்கை மெத்தியோனின் பொடி இன்னும் வாங்குகிறேன், நூறு கிலோவுக்குக் கிராம் கணக்கில். அதை மண்வெட்டியால் நேராகக் கலந்தால் ஒரு மூலையில் எல்லாம் சேர்ந்துவிடும். முதலில் ஒரு கிலோ சோளமாவில், அதைப் பத்து கிலோவில், அதை நூறில் என்று படிப்படியாகக் கலக்க வேண்டும். என் மனைவி எடுத்துக்கொண்ட வேலை இது. அவர் கலந்தால் கடைசிப் பிடி வரை ஒரே நிறம்.

சோயாவை நான் முழுசாக விடவில்லை. மீன், புழு, கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கு மூன்றும் சேர்ந்து அதில் கால்பங்கைக் குறைத்திருக்கின்றன. போன பேட்ச் 40ஆம் நாள் சராசரி எடை 2 கிலோ 80 கிராம். முழுக்கக் கடைத் தீவனத்தில் 2 கிலோ 200 வந்த ஷெட் இது. அந்த 120 கிராம் குறைவைத் தீவனச் செலவில் மிச்சமானது ஈடுகட்டி, கொஞ்சம் கையிலும் நின்றது. இறப்பு 400க்கு 11.

எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. காசிமேட்டில் காலையில் வலை உதறும் இடத்தில், விலை போகாத பொடி மீன் கூடை கூடையாகக் கிடக்கிறது. அதை உப்பில்லாமல், மணல் படாமல் காயவைக்கப் பத்து வலைப்பந்தல்களும் ஒரு சின்ன அரவை மெஷினும் துறைமுகப் பக்கத்திலேயே இருந்தால், கருவாட்டுப் பெண்களுக்கு இரண்டாவது வருமானம் வரும், எங்களைப் போன்ற சின்னப் பண்ணைகளுக்கு நம்பகமான புரதம் கிடைக்கும். மாதவரத்தில் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகம், 1903இல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இருக்கும் கால்நடைக் கல்லூரி, இரண்டும் பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கின்றன. அறிவு இங்கேயே இருக்கிறது, மீனும் இங்கேயே இருக்கிறது. நடுவில் ஒரு பந்தல்தான் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும், பொடி மீன் வராது. வெயிலில் புழு டப்பு கொதித்துவிடாமல் சாக்கை நனைத்துப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு மாதமும் புழுவை வைத்து ஓட்டுகிறேன். நேற்று ஆயா போன் பண்ணினார். மூங்கில் ரெண்டு உளுத்துப்போச்சாம், படகு இறங்குவதற்குள் மாத்திடணுமாம். "பதினஞ்சாந் தேதி போட்டு போவும். மொத ரெண்டு நாளு பெரிய மீனாத்தான் பாப்பானுங்க. பதினெட்டாந் தேதி வா, காரப்பொடி எடுத்து வெக்கிறேன். எத்தினி கிலோன்னு இப்பவே சொல்லிடு" என்றார். 60 கிலோ என்று சொல்லியிருக்கிறேன்.